சனிக்கிழமை பாஸை விற்கச் சொல்லாதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கங்களையும் இந்திய மாணவர் சங்கங்களையும் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஆகஸ்டில் வந்து இறங்கப்போகும் பிள்ளைகளுக்காக நீங்கள் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவது, வீடு கிடைக்கும்வரை யாருடைய ஹாலிலாவது மெத்தை போட்டுக் கொடுப்பது, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்பது வரை சொல்லிக் கொடுப்பது. எந்தப் பல்கலைக்கழக அலுவலகமும் இதையெல்லாம் செய்வதில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் படிக்கப் போனபோது நானும் அப்படி ஒரு ஹாலில் படுத்தவள்தான். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

எனக்குள்ள மனக்குறை ஒரே ஒரு வரியைப் பற்றியது. புதியவர்களுக்காக வாட்ஸப்பில் வருடா வருடம் சுற்றும் குறிப்புகளில், பழைய கட்டில் எங்கே வாங்கலாம் என்பதற்கும் பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கும் நடுவில் அது இருக்கும்: பல்கலைக்கழக அணியின் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பார்க்க உதவும் ஸ்போர்ட்ஸ் பாஸ் வாங்காதே, வீண் செலவு, வாங்கிவிட்டால் பெரிய ஆட்டம் வரும்போது நல்ல விலைக்கு விற்றுவிடு. இன்னும் சில இடங்களில் இதற்கு ஒரு படி மேலே போய், பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் அதே சனிக்கிழமை மாலையில்தான் வரவேற்பு விழாவையும் வைக்கிறார்கள். ஊரே ஒரு பக்கம் போகும்போது நம் பிள்ளைகள் மட்டும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருப்பார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லையே என்று பொறுப்பாளர்களும் புலம்புவார்கள். கிடைக்காதுதான், அன்றைக்கு லட்சம் பேர் வந்திருக்கிறார்கள்.

லட்சம் என்பது மிகையில்லை. காலேஜ் ஸ்டேஷனில் உள்ள எங்கள் கைல் ஃபீல்டு மைதானத்தில் 1,02,733 பேர் உட்காரலாம். அந்த நகரத்தின் மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம்தான். மிச்சிகனின் மைதானம் இன்னும் பெரியது, 1,07,601. ஒரு கல்லூரி அணி ஆடுவதைப் பார்க்க இவ்வளவு கூட்டம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, இரண்டு மூன்று வருடம் அங்கேயே வாழ்ந்துவிட்டு பதில் தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விதிகள் புரியாதே என்பீர்கள். இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி, அதன்பின் உதைத்து இன்னும் ஒன்று. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. எதிராளியின் மண்ணை அடியடியாகப் பிடிக்கிற விளையாட்டு என்பதால், கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் படபடப்பு சீக்கிரமே பிடிபட்டுவிடும். கடிகாரத்தில் அறுபது நிமிடம்தான், ஆனால் முடிய மூன்றரை மணிநேரம் ஆகும். இடையிடையே டிவி விளம்பரத்துக்காக எல்லாரும் சும்மா நிற்பார்கள், அது எரிச்சல்தான். மிச்ச விதிகளைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுப் பாருங்கள், சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்ததே என்று அவர்கள் படுகிற சந்தோஷத்தை.

ஆனால் நான் போகச் சொல்வது ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. அதைச் சுற்றி மாணவர்கள் தாங்களாகவே கட்டி வைத்திருக்கும் உலகத்துக்காக.

எங்கள் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் சென்டர் கல்லூரி அணியோடு ஆட்டம். ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேறினார்கள். மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பயிற்சியாளர் டானா பைபிள், பத்திரிகையாளர் மேடையில் இருந்த இ. கிங் கில் என்ற மாணவரைக் கீழே கூப்பிட்டார். கில் கால்பந்து அணியை விட்டுவிட்டுக் கூடைப்பந்துக்குப் போயிருந்தவர், அன்று வீரர்களை அடையாளம் காட்டும் வேலைக்காக வந்திருந்தார். காயம்பட்ட ஒருவரின் சீருடையை மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் இறங்கத் தயாராக ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் நின்றார். கூப்பிடவே இல்லை. 22-14 என்று ஏ அண்ட் எம் வென்றது. ஒரு நிமிடம்கூட ஆடாத அந்த ஆளுக்குத்தான் மைதானத்துக்கு வெளியே சிலை இருக்கிறது. பன்னிரண்டாவது ஆள் என்று மாணவர் கூட்டம் தன்னையே சொல்லிக்கொள்வதும், ஆட்டம் முழுக்க உட்காராமல் நிற்பதும் அதிலிருந்து வந்ததுதான். உதவித்தொகை இல்லாமல் அணியில் ஆடும் ஒரு மாணவருக்கு 12ஆம் எண் சட்டை கொடுப்பதும் இதன் தொடர்ச்சி.

(இதே பல்கலைக்கழகம் அந்தப் பெயருக்கு 1990இல் வணிக முத்திரை வாங்கி, 2006இல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மேல் வழக்குப் போட்டதும் உண்டு. கடைசியில் உரிமக் கட்டணத்தில் சமாதானமானார்கள். தியாகக் கதையாக இருந்தாலும் இங்கே வணிக முத்திரை இல்லாமல் முடியாது.)

சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் மிட்நைட் யெல் நடக்கும். வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான பேர் மைதானத்துக்கு வந்து கத்திப் பழகுவார்கள். உண்மையாகவே பயிற்சிதான், பயிற்சி என்றுதான் அதற்குப் பெயரே. எங்களுக்கு சியர்லீடர்கள் கிடையாது. மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து யெல் லீடர்கள் இருப்பார்கள். அவர்கள் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். முன்வரிசை அதைப் பின்வரிசைக்குக் காட்டும், அது அப்படியே மேல்தட்டுவரை போகும். அதன்பின் எல்லாரும் இடுப்பை வளைத்து, முழங்காலில் கை ஊன்றி, ஒரே குரலில் கத்துவார்கள். நேற்று வந்தவனுக்கும் முன்னால் நிற்பவரைப் பார்த்து அதையே செய்தால் போதும். எங்கள் அணியின் பாட்டான வார் ஹிம்மின் முடிவில் வரிசை முழுக்கத் தோளில் கைபோட்டு, கால் மாற்றி வைத்து இடமும் வலமுமாக ஆடுவார்கள். மேல்தட்டில் நின்றால் கான்கிரீட்டும் சேர்ந்து அசைவது காலில் தெரியும். முதல் தடவை நான் பயந்தே போனேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். நள்ளிரவுக் கூட்டத்தில் ஒரு கட்டத்தில் விளக்கை அணைப்பார்கள், ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஆட்டத்தில் அணி புள்ளி எடுக்கும்போதும் அப்படியே. தனியாக வந்தவர்கள் அந்த இருட்டில் லைட்டரைப் பற்றவைத்து ஆள் தேடும் வழக்கமும் இருந்தது. அதிர்ச்சியடைய வேண்டாம், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் போதும்.

தோற்றாலும் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். மாணவர்கள் அங்கேயே நின்று அடுத்த வாரத்துக்கு மறுபடி கத்திப் பழகுவார்கள். 2022 செப்டம்பர் 10 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் அணிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்து, அவர்களிடமே 17-14 என்று தோற்றார்கள். காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் அதுதான். இங்கே அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள், நேரம் தீர்ந்துபோய்விட்டது என்பார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. அயோவாவில் முதல் கால்பகுதி முடிந்ததும் கினிக் மைதானம் மொத்தமும் திரும்பி, பக்கத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறது. அங்கே நோயாளிக் குழந்தைகள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2017இல் ஒரு ரசிகர் சமூக ஊடகத்தில் சொன்ன யோசனை, ஒரே பருவத்தில் மரபாகிவிட்டது. விஸ்கான்சினில் மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் குதிக்கும். ஒஹாயோ ஸ்டேட் வாத்தியக் குழு 1936 முதல் மாநிலத்தின் பெயரைக் கையெழுத்துபோல் மைதானத்தில் நடந்தே எழுதுகிறது. மின்னசோட்டாவும் அயோவாவும் ஒரு வெண்கலப் பன்றிக்காக மோதிக்கொள்கின்றன, 1935இல் இரண்டு மாநில ஆளுநர்கள் கட்டிய பந்தயம் அது. லப்பக்கில் டெக்சாஸ் டெக் மாணவர்கள் ஆட்டம் தொடங்கும்போது டார்ட்டியா ரொட்டியை வீசி எறிவது 2025 வரை வழக்கமாக இருந்தது. உணவை எறியலாமா என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இதில் எதையும் பல்கலைக்கழகத் தலைவர் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

டல்லாஸ், ஆர்லிங்டன் சங்கங்களுக்கு இந்த மடல் அவ்வளவாகப் பொருந்தாது. நம் பிள்ளைகள் நிறையச் சேரும் யு.டி. டல்லாஸில் கால்பந்து அணியே கிடையாது, அவர்களின் பெருமை சதுரங்க அணி. ஆர்லிங்டன் 1985 பருவத்தோடு அணியைக் கலைத்துவிட்டது. நீங்கள் கிளம்பி எங்கள் ஊருக்கு வரலாம், மூன்று மணிநேர ஓட்டம்தான்.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன். பொறுப்பாளர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன், அவர்கள் சொல்வதில் சரக்கு இருக்கிறது.

முதலாவது பணம். அசிஸ்டன்ட்ஷிப் சம்பளத்தில் வாடகை போக மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பிள்ளையிடம் போய் ஆட்டம் பார் என்று எப்படிச் சொல்வது? அதுவும் எந்த நிர்வாகத்துக்காக? ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்காக! வீரர்களுக்கோ பல பத்தாண்டுகள் படிப்புச் செலவைத் தாண்டி ஒன்றும் கிடையாது. 2021இல்தான் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. இந்தப் பணக் கூத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டிவி பணத்துக்காகத்தான் லீக் மாற்றங்களும் நடந்தன. அதில் எங்களுக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பழைய பகை ஆட்டம் 2011 நவம்பரோடு நின்றுபோய், 2024 நவம்பர் 30 அன்றுதான் திரும்பியது. நடுவில் படித்து முடித்துப் போனவர்கள், எதிரி இல்லாமலே எதிரியைத் திட்டும் வார் ஹிம்மைப் பாடிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த ஆட்டத்தில் 17-7 என்று தோற்றோம், அது வேறு விஷயம்.

ஆனால் மிட்நைட் யெல்லுக்கு டிக்கெட் கிடையாது. மைதானத்துக்கு வெளியே ஆட்டத்துக்கு முன் வாத்தியக் குழு அணிவகுத்துப் போவதைப் பார்க்கவும் காசு கிடையாது. பாஸ் வாங்க முடியாதவரை வாங்கச் சொல்லவில்லை. வாங்கியவரை விற்கச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது, ஆபத்து. இதை நான் லேசாகக் கடந்துபோக மாட்டேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன் மாணவர்களே மரங்களை வெட்டி, அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டிச் சொக்கப்பனைபோல் எரிக்கும் பான்ஃபயர் எங்கள் பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய மரபாக இருந்தது. 1999 நவம்பர் 18 அதிகாலை 2.42 மணிக்கு, கட்டிக்கொண்டிருந்த அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். மாணவர்களே செய்வது என்ற பெருமைதான், சரியான பொறியியல் மேற்பார்வை இல்லாமல் போனதற்கும் காரணம். அதற்கடுத்த வாரம் நடந்த ஆட்டத்தில் எதிரணியின் வாத்தியக் குழு தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தியதை அன்று அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பல்கலைக்கழகம் அதற்குப் பிறகு பான்ஃபயரை நடத்தவில்லை. 2024இல் டெக்சாஸ் ஆட்டம் திரும்பியபோது அதையும் கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்தது, நிர்வாகம் வேண்டாம் என்றது. சரியான முடிவு. விபத்து நடந்த இடத்தில் இறந்தவர்களுக்காகப் பன்னிரண்டு வாசல்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் சொந்த ஊர்த் திசையைப் பார்த்து. புதியவர்களைக் காட்டக் கூட்டிப்போகும்போது நூலகத்தையும் இந்தியக் கடையையும் மட்டும் காட்டாமல் அங்கேயும் கூட்டிப்போங்கள்.

குடி பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்கு வெளியே கூடாரம் போட்டுச் சாப்பிட்டுக் கொண்டாடும் டெயில்கேட்டில் பீர் ஓடும், மறைக்க ஒன்றுமில்லை. குடிக்காத ஒருவரை யாரும் வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். அன்றைக்குப் பஸ்ஸில் போவதே நல்லது, எப்படியும் கார் நிறுத்த முடியாது.

மூன்றாவது மறுப்பைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அது அவர்களுடைய விழா, நமக்கென்ன வேலை என்பது. 1963 வரை ஏ அண்ட் எம் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை, பெண்களையும் முறைப்படி சேர்க்க ஆரம்பித்தது அந்த வருடம்தான். ராணுவப் பயிற்சிப் படையில் சேர்வது 1965 வரை கட்டாயம். ஆக, இந்த மரபுகளை உருவாக்கியவர்கள் என்னைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்து உருவாக்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் போனேன். யாரும் என்னை விருந்தாளிபோல் நடத்தவில்லை, கத்தாமல் சும்மா நின்றபோது முறைத்தார்கள். அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பலன் திங்கட்கிழமை தெரியும். ஆய்வகத்தில் பேராசிரியர், பஸ் டிரைவர், கேன்டீன் அம்மா எல்லாருக்கும் பேச ஒரே விஷயம். நாமும் அதில் ஒரு வார்த்தை சொல்லலாம். நான்கு தமிழர் சேர்ந்து எடுத்த வீடு, தமிழர் நிறைந்த வகுப்பு, வாரக் கடைசியில் தமிழ்ப்படம் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட முடியும். பலர் ஓட்டுகிறார்கள். அதன்பின் வேலை தேடும்போது பேச ஆளில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் அதே வேரிலிருந்து வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் எந்த மாணவர் இறந்தாலும், அடுத்த மாதம் முதல் செவ்வாய் இரவு வளாகத்தின் விளக்குகளை அணைத்து, எல்லாரும் மௌனமாகக் கூடி நிற்பார்கள். மூன்று முறை துப்பாக்கி வேட்டு, மூன்று முறை எக்காளம். சில்வர் டாப்ஸ் என்று பெயர். இளநிலை மாணவரா முதுநிலை மாணவரா, எந்த நாட்டவர் என்ற பேதம் அதில் இல்லை. வெளிநாட்டில் படிக்க வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர் தங்கள் பிள்ளைக்காக இருட்டில் வந்து நின்றார்கள் என்று சொல்ல முடிவது சிறிய விஷயம் இல்லை. நம் சங்கங்களில் எத்தனை பேர் அதற்குப் போகிறோம்?

அப்புறம் செய்ய வேண்டியது. ஆட்டத் தேதிகள் பல மாதம் முன்பே வந்துவிடும், மணி மட்டும்தான் டிவிக்காரர்கள் சொல்லும்வரை இழுக்கும். விழாவுக்கு ஹால் பதிவு செய்யும் முன் அந்த அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிள்ளையார் சதுர்த்தியை ஞாயிற்றுக்கிழமை கொண்டாடினால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். செப்டம்பரில் வரும் ஏதாவது ஒரு சாதாரண ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஆட்டம் வேண்டாம், அதற்கு டிக்கெட் வாங்கக் கூடாரம் போட்டுப் படுப்பார்கள். முந்தைய இரவு யெல்லுக்கு எல்லாரையும் கூட்டிப்போங்கள். பிடிக்காதவர் அங்கிருந்தே வீட்டுக்குப் போகட்டும், யாரையும் இழுக்க வேண்டாம். மறுநாள் தொப்பியும் தண்ணீரும் முக்கியம், டெக்சாஸ் செப்டம்பர் வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி, ஆகவே புளியோதரை டப்பாவை டெயில்கேட்டிலேயே காலி செய்துவிடுங்கள். பக்கத்துக் கூடாரத்துக்கும் கொஞ்சம் கொடுங்கள், பதிலுக்கு வாட்டிய இறைச்சி வரும். சைவமாக இருந்தால் சோளம் கேளுங்கள்.

எங்கள் ஊரில் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் கடைசி வருட மாணவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும்தான் முதல் நாள், திங்கட்கிழமை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதுநிலை என்பதால், வந்த முதல் மாதத்திலேயே அந்த முதல் வரிசை கிடைக்கிறது. குழுவாகவும் வாங்கலாம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். ஆட்டத்தின்போது விதிகளைத் தமிழில் விளக்க ஆள் தேவைப்பட்டால் நான் ஹூஸ்டனிலிருந்து வந்துவிடுவேன். டிக்கெட் வரிசையில் மட்டும் நீங்கள்தான் நிற்க வேண்டும், மாணவர் அட்டை இல்லாத பழைய மாணவிக்கு அந்த ஜன்னலில் மதிப்பில்லை.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி